நடுநீரில் நாற்பது நிமிடம்

புந்தா அரேனாஸிலிருந்து போர்வெனிர் போக
படகுக்கு இரண்டு மணி நேரம்.
நான் அதில் காப்பி விற்கிறேன்.
கரை விட்டு நாற்பது நிமிடத்தில் சிக்னல் ஊமை.
அடுத்த நாற்பது நிமிடம்
உலகத்தில் ஒருவரும் என்னோடு மோத முடியாது.
முதலில் அதைச் சாபமென்று நினைத்தேன்.

அண்ணன் மிர்கோ மீன்பிடிக் கப்பல் ஏறும்போது
விளையாட்டுக் கருவியை என் மடியில் போட்டான்.
"சும்மா கிடந்தால் பேட்டரி செத்துப்போகும்."
பதினாறு நாளில் போட்டி,
பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில்.
பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது
எனக்கு ஒரு மண்ணும் தெரியாதென்று.

மூன்று நாள் அகலக்கால் வைத்தேன்.
பத்தொன்பது பூதங்களுக்கும் பாகுபாடில்லாமல்
சோறு போட்டு வளர்த்தேன்.
ஒன்றுக்கும் பல் முளைக்கவில்லை.

நான்காம் நாள் வெட்கத்தை விட்டேன்.
ஒசாகாவில் முகம் தெரியாத ஒருத்தி
யாரும் எடுக்கலாமென்று திறந்துவைத்திருந்த ஆறு பூதங்களை
ஆறெழுத்துக் குறியீட்டில் இரவல் வாங்கினேன்.
சமைக்கப் பழகும்வரை பசியாற வேண்டுமே.
அவளுடைய உப்புக்கண்ணன் முதல் அடிக்கு ஏன் ஒதுங்குகிறான்,
சாம்பல்வாலி பாதி உயிரோடு
ஏன் பின்வாங்குகிறது,
ஒன்றும் விளங்காமலே தோற்றேன்.
பதினொன்று. இருபத்திரண்டு. நாற்பது.

காப்பிக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
ஒரு தோல்விக்கு ஒரு வரி:
எதிரி முதலில் என்ன செய்தான்.
அழுகை எழுத இடம் விடவில்லை.
நாற்பது வரியையும் ஒருநாள் கூட்டிப்பார்த்தேன்.
என்னைச் சாய்த்தவை நாற்பது வகையல்ல,
நாலே நாலு.
அதிலும் பதினேழு தடவை
அதே இடிக்கொம்பன்!

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதெல்லாம்
இந்த விளையாட்டில் செல்லாது.
இடிக்கொம்பனின் வேகம் நூற்று நாற்பத்திரண்டு.
எனக்கு வேண்டியது நூற்று நாற்பத்து மூன்று.
நூற்றைம்பது வீண்பெருமை.
மிச்சத்தையெல்லாம் உடம்பில் போடு,
அடி வாங்க உதவும்.

இதற்கான பூதம் இரவலில் இல்லை,
முட்டையிலிருந்துதான் வரவேண்டும்.
முட்டை பொரிய நடக்கவேண்டும்,
நடக்க சிக்னல் தேவையில்லை.
அப்படித்தான் நடுநீர் என் பண்ணையானது.
இடக்கட்டை விரல் வட்டம் போட,
வலக்கை சர்க்கரை எடுத்துக் கொடுக்கும்.
கறுப்பு வெள்ளை ஓங்கில்கள் துள்ளுகின்றன என்று
ஆட்டு வியாபாரிகள் சன்னலுக்கு ஓடுவார்கள்.
நான் முப்பத்தோராவது குஞ்சின் எண்ணைப் பார்ப்பேன்.
சரியில்லை. அடுத்தது.

காலி இடம் தேடிப் பழைய பெட்டிகளைக் கிளறியபோது
மிர்கோவின் பூதம் ஒன்று அகப்பட்டது.
தடித்த கழுத்து, சின்னக் கண்.
பெயர்: யஸ்னா.
இயல்பு: பிடிவாதம்.
வேகம்: பரிதாபம்.
பிடித்த உணவு: கசப்பு.
என் பெயரை வைத்திருக்கிறான் படவா!
படகே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தேன்.
அதை அணியில் சேர்க்கவில்லை.
பாசத்துக்கு ஏழாவது இடம்,
விளையாட்டில் இருப்பதோ ஆறு.

போட்டியன்று கூடத்தின் தகரக் கூரையைக்
காற்று பிய்த்தெடுக்கப் பார்த்தது.
முதல் சுற்று வென்றேன்.
இரண்டாவதில் இடிக்கொம்பன் கொம்பைத் தாழ்த்துமுன்னே
என் நூற்று நாற்பத்து மூன்று போய் விழுந்தது.
நான் எழுந்து நின்றுவிட்டேன், நடுவர் உட்காரச் சொன்னார்.
மூன்றாவதில், பல்லில் கம்பி கட்டிய பெர்லா என்ற சிறுமி
வேகத்தையே தலைகீழாக்கும் ஒரு வித்தையை எடுத்தாள்.
மெதுவானது முதலில் அடிக்குமாம்.
ஆறும் வரிசையாகச் சரிந்தன.
கை குலுக்கிவிட்டு நோட்டை எடுத்து
எழுபத்து மூன்றாவது வரி எழுதினேன்.

மறுநாள் ஒன்பது மணிப் படகு.
கரை மறையுமுன் என் ஆறையும்
யாரும் எடுக்கலாமென்று திறந்துவைத்தேன்.
வேகத்தில் கைவைக்காதீர்கள் என்று மட்டும் குறிப்பு.
பிறகு சிக்னல் போனது.
பெட்டியைத் திறந்து, உலகத்திலேயே மெதுவான
அந்தப் பிடிவாதக்காரியை வெளியே எடுத்தேன்.
"காப்பி இருக்கா?" என்றார் ஒருவர்.
"ரெண்டு நிமிஷம்" என்றேன்.